பின்கோடு சொன்ன கிளி

"நம்ம வீட்டுக்கு வழி தவறி வந்த கிளி ஒண்ணு, தன் வீட்டு விலாசத்தைப் பின்கோடோட எனக்குச் சொல்லிட்டுப் போச்சு, சொர்ணம்."

அத்திபெலேயில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து லிங்கராஜபுரம் திரும்பிய என் மனைவி, இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. மொட்டை மாடிக் கொடியில் ஒரு கிளி. சாம்பல் உடம்பு, சிவப்பு வால், கழுகளவு இருக்கும். சுற்றிலும் முந்நூறு காக்கைகள். ஒற்றைத் துண்டைச் சுழற்றி அத்தனையையும் ஹென்னூர் வரை விரட்டினேன்.

"மூணு காக்கா," என்றாள் சொர்ணம். என் எண்களை நூறால் வகுப்பது அவள் வழக்கம்.

துண்டில் போர்த்திக் கீழே கொண்டுவந்தேன். யாரோ கொஞ்சி வளர்த்த கிளி. தோளில் ஏறி உட்கார்ந்து என் கண்ணாடியைக் கழற்றப் பார்த்தது. கொய்யாவை நறுக்கி நீட்டினேன்.

தலையைச் சாய்த்துத் தெளிவாகச் சொன்னது: "பேடா."

கன்னடக் கிளி! வேண்டாம் என்கிறது. மாநில அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவில் முப்பத்தோரு வருடம் கன்னடத்தைக் கரைத்துக் குடித்தவன் நான். வேண்டாம் என்கிற விருந்தாளியை வற்புறுத்துவேனா? தட்டை எடுத்துவிட்டேன்.

வேர்க்கடலை. "பேடா." எடுத்துவிட்டேன்.

பச்சை மிளகாய், மாதுளை, ஊறவைத்த கொண்டைக்கடலை. "பேடா, பேடா, பேடா." எல்லாவற்றையும் மரியாதையாக எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அதற்குக் கழுத்து நிற்கவில்லை. இறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிட்டது. அப்போதும் ஈனக்குரலில் "பேடா" என்றது. உயிரே வேண்டாம் என்கிறதோ என்று பயந்துபோனேன்.

சொர்ணம் இதை வகுக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?"

இன்றைக்குக் காலை, கஞ்சியாவது குடிக்கிறதா பார்க்கலாம் என்று மேல்தட்டிலிருந்த ராகி மாவு டப்பாவை இறக்கினேன். மாவுக்குள் கரண்டி எதிலோ இடித்தது. தோண்டினேன். பாலிதீன் பைக்குள் ஒரு மஞ்சள் அட்டைப் பெட்டி.

பெட்டியைக் கண்டதுதான் தாமதம், துவண்டு கிடந்த கிளி துள்ளி எழுந்து விதான சௌதாவுக்கே கேட்கிற மாதிரி கத்தியது: "பேடா! பேடா! பேடா!"

திறந்தேன். உள்ளே, தார்வாட் பேடா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளிக்கு உதடு கிடையாது. நம் தமிழ் எழுத்துக்கோ இருப்பது ஒரே ஒரு 'ப'. கன்னடத்தில் வேண்டாம் என்கிற பேடாவும் நாம் தின்கிற பேடாவும் அதன் வாயில் ஒன்றுதான். இரண்டு நாளாக அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதை மறுப்பாகவே மொழிபெயர்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கன்னடம் தெரியாதவன் வீட்டில் இறங்கியிருந்தால் வெள்ளிக்கிழமையே பசியாறியிருக்கும்.

கிள்ளிக் கொடுத்தேன். தின்றது. அந்த வேகத்திலேயே கொய்யாவையும் தின்றது.

பெட்டியின் மூடியில் அச்சடித்திருந்தது: பாகீரதி கானாவளி, சோள ரொட்டிச் சாப்பாடு. எங்களுக்கு நாலாவது தெரு. பின்கோடோடு.

கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். பரிமாறிக்கொண்டிருந்த பாகீரதியம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, "எல்லி ஹோகித்தியோ பஸ்யா!" என்று ஓடி வந்தார். பஸ்யா அவர் தோளுக்குத் தாவி, எங்கே போயிருந்தேன் என்று சொல்லாமல், "பேடா" என்றது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐயாயிரம் பேரும் எழுந்து கைதட்டினார்கள்.

"அம்பது பேருக்கே அங்க இடம் கிடையாது," என்றாள் சொர்ணம். சொல்லிவிட்டு, அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "எல்லாம் ரீலு. ராகி டப்பாவுல பேடாவா? யாரு வெச்சாங்களாம், கிளியா? உங்க சுகர் முந்நூறைத் தொட்ட அன்னிக்கே உங்களோட சேந்து நானும் ஸ்வீட்டை விட்டாச்சு. ரெண்டு வருஷமா இந்த வீட்டுக்குள்ள இனிப்பே நுழையல."

அந்த முந்நூறை மட்டும் அவள் ஒருநாளும் வகுத்ததில்லை.

நான் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு புது மஞ்சள் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"பாகீரதியம்மா கொடுத்தனுப்பினாங்க. ராகி டப்பாவைப் பத்திச் சொன்னதும், 'ஓ, ரெட்டை மூக்குத்தி மேடம் வீட்டுக்காரரா நீங்க!'ன்னாங்க. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை கால் கிலோவாமே?"

இரண்டு மூக்குத்தியும் சிவந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே போனாள். டப்பா இறங்கும் சத்தம். பழைய பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"எட்டு இருந்துச்சு. கிளி எத்தனை தின்னுச்சு?"

"ஒண்ணு. அதுவும் பாதிதான்."

"இப்ப இருக்கறது மூணு."

நான் ஜன்னல் வழியாகக் காக்கைகளைத் தேடினேன்.

சொர்ணம் புதுப் பெட்டியின் நூலை அவிழ்த்தாள். ஒரு பேடாவை இரண்டாக விண்டாள். பெரிய பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, சின்னதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நடந்ததுதான்," என்றாள்.