மேல்காற்றுப் பெட்டி

படாரென்று ஓடு நொறுங்கியது. வஜீதா முற்றத்துக்கு ஓடினாள். கிழிந்த வெள்ளை பலூனும் அதில் கட்டிய அட்டைப் பெட்டியும் கிடந்தன.

“மெட்ராஸ்ல பறக்க விட்டதும்மா,” என்றார் எதிர்க்கடை ரேடியோ ரிப்பேர்காரர் பஞ்சாட்சரம். “புயலுக்குச் சொந்தமா காலு கிடையாது. உசரத்துல அடிக்கிற மேல்காத்து தள்ளுற பக்கம்தான் போவும். அந்தக் காத்தைப் பாக்கத்தான் இதை விடுறாங்க.”

ஆந்திரா பக்கம் போவதாக ரேடியோ சொன்ன புயல், மறுநாள் திரும்பி வந்து வஜீதாவின் வீட்டு ஓட்டைப் பிரித்தெறிந்தது. ஓடு மாற்றும்வரை நனையாமலிருக்கட்டுமென்று பெட்டியைப் பக்கத்து வேங்கிக்காலில் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த புயல் வஜீதா இருந்த தேரடி வீதியில் ஒரு கீற்றைக்கூட அசைக்கவில்லை. தம்பி வீட்டுச் சுவரைச் சாய்த்தது. வஜீதா போய்ப் பெட்டியை எடுத்துவந்து, துடைத்துப் பத்திரப்படுத்தினாள்.

மறுவருஷம் ஐப்பசியில் சர்தார் வந்தான். அவளைத் தள்ளிவைத்துவிட்டுக் கடலூரில் வேறொருத்தியோடும் அவள் பெற்ற பையனோடும் குடும்பம் நடத்துகிற புருஷன். தன் தையல் மெஷினை எடுத்துப்போக வந்திருந்தான். புதுப் புயலொன்று பர்மாவை நோக்கிப் போவதாக எதிர்க்கடை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

வஜீதா பெட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

“இது எதுக்கு?” என்றான்.

“உங்க பையன் தூங்குற ரூம்ல வைங்க. பலூன்னா அவனுக்கு உசுராமே.”