ஒன்றாம் நம்பர் பாறை

ஏரிக்கரைப் பாறையில் சிவப்புப் பெயிண்டால் ‘1’ என்று எழுதி முடித்து, பேச்சிராஜ் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னாப்பா, நம்பர் போட்டுட்டியா?”

எழிலரசி நின்றிருந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீரை பறிக்க வந்தவள். அவள் அப்பாவின் நிலத்தில் இப்போது வேறொரு கம்பெனியின் புதுக் கார்கள் வரிசையாக வெயில் காய்கின்றன. அதற்கும் முதலில் வந்தது, வரப்புக் கல்லில் இப்படி ஒரு சிவப்பு நம்பர்தான்.

“அளக்கத்தான்க்கா வந்தேன்” என்றான் பேச்சிராஜ். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. தோளில் பை, கையில் டேப்லெட். “ஆபீஸ்ல என்ன சொன்னாவன்னா...”

“இன்னா சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். சும்மா கெடக்குற எடம்னு சொல்லியிருப்பாங்க. எங்க நெலத்தையும் தரிசுன்னுதான் எழுதுனாங்க. வா, நட. சும்மா கெடக்குதான்னு உன் கண்ணால பாரு.”

அவன் மறுபடி வாயெடுப்பதற்குள் அவள் பத்தடி முன்னால் போய்விட்டாள். பேச்சிராஜ் டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு அவள் பின்னால் நடந்தான்.

மதகுக்குப் பக்கத்தில் நின்றாள். மதகுக் கல்லின் அடிப்பக்கம் வரிவரியாகப் பழங்காலக் கல்வெட்டு எழுத்து.

“எந்த ராஜா வெட்டுனான்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த மதகைத் தொறந்தாத்தான் இன்னிக்கும் கீழ நாலு வயலுக்குத் தண்ணி.”

பேச்சிராஜ் குந்தி உட்கார்ந்து எழுத்தின் மேல் விரலை ஓட்டினான். இரண்டு படம் எடுத்துக்கொண்டான்.

அடுத்து ஒரு மேடு. கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினாள். கறுப்பும் சிவப்புமாய் ஒரு பானை ஓடு எட்டிப் பார்த்தது.

“வடக்குப்பட்டுல பழைய காலத்துப் பொருள் தேடிப் பள்ளம் எடுத்தாங்களே, அந்த மாதிரி. இங்க மழை பேஞ்சாலே மேல வந்துடும்.”

அவன் ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தான்.

மேட்டுக்கு அந்தப்புறம் சீமைக்கருவேல முள் அடைத்துக்கொண்டு நின்றது. எழிலரசி குனிந்து ஒரு கிளையைத் தூக்கினாள். உள்ளே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து.

“அட, இங்க வழி இருக்கா?” என்றான்.

“ஆடு மேய்க்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். வா.”

சந்து முடிந்ததும் கண் கூசும்படி தண்ணீர். கோரைக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு கூழைக்கடாப் பறவைகள். பேச்சிராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மழைக்காலத்துல இந்தக் கரையில நடக்க முடியுமாக்கா?”

“ஏன், லாரி போவுமான்னு பாக்குறியா? போவாது. ஆளுதான் போவலாம்.”

அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

பனைமரங்களைத் தாண்டி, வேப்பமரத்தடியில் ஏழு கல் நட்டிருந்த கன்னிமார் கோயில். காற்று வந்தது. அவள் பாட்டில் தண்ணீரை அவனிடம் நீட்டினாள். குடித்துவிட்டு அவன் அண்ணாந்து பார்த்துச் சிரித்ததும் அவளுக்குக் கோபம் திரும்பி வந்தது.

“இன்னா சிரிப்பு?”

“இல்லக்கா. நல்லா இருக்கு.”

“நல்லா கீதுன்னுதான் எல்லாரும் எடுத்துக்குறாங்க. அன்னிக்கு எங்க நெலத்துல நம்பர் போட்டப்ப அப்பா பின்னால நின்னுகினு சும்மா பாத்தேன். அவுருக்குப் பேசத் தெரியாது, எனக்கு வயசு பத்தல. இன்னிக்கு அப்படி இல்ல.”

பேச்சிராஜ் பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

கம்பெனிச் சுவரை ஒட்டிய வாய்க்கால் வழியாக, இரண்டு மணி நேரம் கழித்து, பாறைக்கே வந்து சேர்ந்தார்கள். சிவப்பு எழுத்து காய்ந்திருந்தது.

“எல்லாம் பாத்துட்ட. இப்ப சொல்லு, இதுல எதை எடுத்துக்கப் போற?”

“எல்லாத்தையும்தான்க்கா.”

எழிலரசி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். வார்டு மெம்பர் இளம்பரிதியின் நம்பரை அழுத்தினாள். “ஒரு போன்தான். ஊரே இங்க வந்து நிக்கும், பாத்துக்க.”

“வரட்டும்க்கா. அவங்களும் இதப் பாக்கட்டும்.”

அவன் டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினான். திரையில் ஒரு நீலக் கோடு. ஏரிக்கரையில் தொடங்கி, மேட்டில் வளைந்து, தண்ணீரைச் சுற்றி, பனைமரங்களைத் தாண்டி, தொடங்கின இடத்திலேயே வந்து முடிந்திருந்தது.

“இதான் எல்லையா? இவ்ளோ எடத்தையும் வளைச்சிட்டியா?”

“எல்லை இல்லக்கா, இப்ப நாம நடந்து வந்த வழி. மூணு நாளா இங்கனயேதான் சுத்துதேன். ஒரு பக்கம் முள்ளு, ஒரு பக்கம் சுவரு. போன வழியாத்தான் திரும்பி வர முடிஞ்சுது. ஒரு ரவுண்டா வாறதுக்கு வழியே கிடைக்கல.”

போனில் இளம்பரிதி “ஹலோ, சொல்லுக்கா” என்றான். அவள் அதைக் காதிலிருந்து இறக்கினாள்.

“எதுக்கு ரவுண்டா வரணும்?”

“லீவு நாள்ல ஜனங்க இதையெல்லாம் நடந்து பாக்கத்தான்க்கா. பாதை தொடங்குற எடத்துக்குத்தான் இந்த ஒண்ணாம் நம்பரு. அந்தப் பாதையை இப்ப நீங்களே போட்டுக் குடுத்துட்டீங்க.”