யார் அந்த ஆள்?

எலெக்ட்ரீஷியன் அன்று சீக்கிரமே வீடு திரும்பினான். உள்ளே அவன் மனைவி போனில் தன் அக்காவிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பேச்செல்லாம் அசல் நம்ம அப்பாதான்க்கா. ஒண்ணு கேட்டா, பதிலுக்கு அவர் ஒரு கேள்வி கேட்கிறார். எதிராளி வாயடைச்சுப் போயிடுறான். ஒரு மாசமா எனக்கு அவர் நினைப்புதான். இவர்கிட்டயா? இன்னும் சொல்லல. எப்படி எடுத்துப்பாரோன்னு பயமா இருக்கு."

அவன் பொறாமையோடு கதவருகிலேயே நின்று கேட்டான். தன் பேச்சை அவள் இப்படி ரசித்து யாரிடமும் சொன்னதில்லை. அவள் போனை வைத்ததும் எதிரே போய் நின்றான்.

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"ஒரு மாசமா உன் நினைப்புல இருக்கிறவன்."

அவள் தயங்கித் தயங்கி, மடியிலிருந்த புத்தகத்தை நீட்டினாள். அது அவனுடைய பைபிள்.

"இயேசு," என்றாள். "ஞாயித்துக்கிழமையானா நீங்க தனியா சர்ச்சுக்குப் போறீங்க. அங்க யாரைப் பார்க்கப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு எடுத்தேன். யூத வீட்டுல பிறந்தவ, இதைத் தொடவே பயந்தேன். படிச்சா, எங்க சனிக்கிழமை ஓய்வுநாள்ல என்ன செய்யலாம், செய்யக்கூடாதுன்னு எங்க பெரியவங்க மாதிரியே வாதாடுறார். எங்க வேதத்துச் சங்கீதப் பாட்டைச் சொல்லித்தான் சிலுவையில உயிரை விடுறார். அவர் எங்க ஆளுங்க."

கோபம் போன இடத்தில் வேறொரு பொறாமை வந்து உட்கார்ந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரைக் கும்பிட்டு வந்தவன் அவன். அவளுக்கோ ஒரே மாதத்தில் அவர் சொந்தக்காரராகிவிட்டார்.

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"சாமின்னு கும்பிட்டேனே தவிர, எந்த வீட்டுப் பிள்ளைன்னு நான் விசாரிச்சதே இல்ல," என்றான். "நீ படி, நான் கேட்கிறேன்."