இரண்டாம் கட்டிலில் சொரிமுத்து

மருத்துவமனை கட்டும் இடத்தில் சாரத்திலிருந்து விழுந்த சொரிமுத்துவுக்கு ரத்தம் நிற்கவில்லை. மச்சான் இசக்கி ஆம்புலன்சை அழைத்தான்.

“மேப்புல நீங்க நிக்கிறதே அவசர சிகிச்சைப் பிரிவுதான் சார். பேஷண்ட் ரெண்டாம் கட்டில்ல இருக்கார்” என்றாள் போனில் பேசிய பெண்.

“எம்மா, அத கம்ப்யூட்டர்லதான் கட்டி முடிச்சிருக்காவ. இங்க வெறும் மண்ணுதான் கெடக்கு!”

“எங்களுக்கு கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் சார் கட்டடம். டாக்டரைக் கூப்பிடுங்க.”

“வெளிய தூக்கிட்டு வந்தா வண்டி வருமா?”

“தாராளமா.”

கூட வேலை பார்த்த நால்வர் சொரிமுத்துவைப் பலகையில் கிடத்தி, கம்பிக் குவியல்களைச் சுற்றிக்கொண்டு சாலைக்குத் தூக்கி வந்தார்கள். இசக்கி மறுபடி அழைத்தான்.

“இப்பதான் டிஸ்சார்ஜ் ஆனதாக் காட்டுது. குணமானவங்களுக்கு வண்டி கிடையாது சார். எங்க சேவை எப்படி இருந்துச்சு?”

சொரிமுத்துவின் முகத்தைப் பார்த்த நால்வரும் பலகையை அவசரமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினார்கள்.