வலை ஏற்றும் காலை

விடிந்துவிட்டது. மேகம் கவிந்து கிடப்பதால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கின்றன. கரையில் கவிழ்த்துப்போட்ட எண்ணெய்க் கலன் ஒன்றின்மேல் மெற்றில்டா உட்கார்ந்திருக்கிறாள். கடல் தொழிலுக்குப் போன அவளுடைய கணவன் கிறிஸ்துராசா திரும்பாமல் இன்றைக்கு ஆறாம் நாள். ஐந்து நாளும் ஊர்ப் படகுகள் வலையை இறக்கிவைத்துவிட்டு அவனைத் தேடுவதற்கென்றே போய்வந்தன. இன்று பக்கத்து வீட்டு மரியநேசனின் படகருகே நீல வலை குவிந்து கிடக்கிறது. அவன் அதைத் தூக்காமல் நிற்கிறான். பிறகு தலையைக் குனிந்தபடி அவளிடம் வருகிறான். "அக்கா, இண்டைக்கு வலையும் கொண்டு போறம். ஒரு வீட்டிலையும் அடுப்புச் சரியா எரியேல்லை. போற வழியிலை அண்ணையையும் பாப்பம்." அவன் கால்விரல்களைச் சுற்றி நுரை வந்து கரைவதை அவள் பார்க்கிறாள். "ஓம், கொண்டு போங்கோ. அவர் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்." சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த 'இருந்தாலும்' என்ற சொல் அவளுக்குக் கேட்கிறது. மரியநேசன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் எழுந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வலையின் ஒரு பக்கத்தைப் பிடிக்கிறாள். அவன் மறுபக்கத்தைப் பிடிக்கிறான். ஐந்து நாள் காய்ந்த வலை, அவள் நினைத்ததைவிட இலேசாக இருக்கிறது.