சிரித்த முகமாக ஒரு போட்டோ

சம்பந்தமூர்த்தி நடிக்கும் தொடரில் ஒரு பகுதியைக்கூட எதிர்வீட்டு அமலோற்பவம் தவறவிட்டதில்லை, ஒன்றையும் மதித்ததுமில்லை. கதாநாயகியின் அப்பாவாக அவர் மூன்று மாதமாகக் கோமாவில் கிடந்தார். "நேத்து உங்களைவிட அந்தத் தலையணை நல்லா நடிச்சுது சார்," என்பாள். "டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைப் பொத்தான்மேல வெச்சுப் பாக்குறான். உங்க மகளா வர்றவ ஒரு சொட்டுக் கண்ணீருக்கு மூணு பக்கமும் திரும்புறா. கர்மம்!" அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். புதன்கிழமை அவராகவே அவள் வாசலில் வந்து நின்றார். தொடர் எடுக்கும் கம்பெனியிலிருந்து போன் வந்திருந்தது; சிரித்த முகமாக ஒரு போட்டோ வேண்டுமாம். "மாலை போடவா?" என்றாள். "ஆமாம்மா. நாளைக்குச் சாகடிக்கிறாங்க. ஏழு வருஷம் கழிச்சுக் கெடச்ச வேஷம்." அமலோற்பவம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் குப்பைக்கா கண் கலங்குறீங்க? இதுல யாரு சார் ஒழுங்கா செத்திருக்கா? உங்க மூத்த மகன் லாரியோட எரிஞ்சான், பொங்கலுக்கு வந்துட்டான். ஏன்னா பொணத்தோட முகத்தை யாரும் பாக்கல. முகத்தைக் காட்டினா முடிஞ்சுது. மூடிக்கிட்டுச் சாவுங்க." அடுத்த வாரம் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. கூடம் நிறைய ஆட்கள் அழுதார்கள். நடுவில் கிடத்தப்பட்டிருந்தவரின் முகத்தை நோக்கிக் கேமரா நெருங்கியது. மகள் அலறியபடி அவர்மேல் விழ, பிணத்தின் கை மெல்ல நகர்ந்து, அவளுடைய முந்தானையைத் தன் முகத்தின்மேல் இழுத்துக்கொண்டது.