மணி காட்டாத கடிகாரம்

காஜா பெராங்கில் கடிகாரக் கடை வைத்திருந்த கலியாணசுந்தரத்துக்கு இரண்டு விஷயங்களில் மலாக்காவிலேயே நிகர் கிடையாது. ஒன்று, கை நேர்த்தி. மற்றது, கை நீளம். பழுது பார்க்க வரும் கடிகாரம் நன்றாக ஓடியபடிதான் திரும்பிப் போகும். ஆனால் அதிலிருந்த நல்ல உறுப்பு ஒன்று அவரிடமே தங்கிவிடும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு மாதம், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் கடைக்கு வந்தார். பெயர் கருணாகரன் என்றார். தொழில் என்னவென்று சொல்லவில்லை.

"அண்ணே, பாக்கெட் கடிகாரத்துக்குள்ளே அடங்கற மாதிரி ஒரு கருவி வேணும். மணி காட்ட வேணாம். எழுத்தை மாத்திக் காட்டணும். 'ஏ'ன்னு வச்சா 'கே' வரணும். அடுத்த தடவை அதே 'ஏ'வுக்கு வேற எழுத்து வரணும்."

"ரகசியக் கடுதாசி எழுதவா?"

"படகுலே போறவங்களுக்கு. ஒரு கை சுக்கான்லே இருக்கும். மத்த கையாலே நிமிஷத்துக்கு இருபது எழுத்து மாத்தியாகணும். ரெண்டு செய்யுங்க. மாத்தாவுக்கு மட்டும் தெரிய வேணாம்லா."

மாத்தா என்றால் ஊர்ப் பேச்சில் போலீஸ். படகு, ரகசியம், போலீசுக்குத் தெரியக் கூடாது. கடத்தல்காரன் என்று முடிவு கட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதலில் எட்டுப் பற்சக்கரங்கள் வைத்துப் பார்த்தார். ரகசியம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் எழுத்து மாறுவதற்குள் ஒரு வெற்றிலையே போட்டுவிடலாம். கருவியும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார். கடைசியில் மிஞ்சியவை இரண்டே சக்கரங்கள். ஒன்றுக்குப் பதின்மூன்று பல், மற்றதற்குப் பதினேழு. குமிழை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து நகர்ந்து, எழுத்து வளையத்தைக் கோணல் மாணலாகத் தள்ளும். இருநூற்று இருபத்தொரு அழுத்தம் ஆனால்தான் பழைய இடத்துக்கு வரும். காலையில் கருவி வைத்திருக்கும் இருவரும் ஒரே எண்ணில் வைத்துத் தொடங்கினால், அவர்கள் எழுதியது அவர்களுக்கு மட்டுமே புரியும்.

அந்த 'மட்டுமே'தான் கலியாணசுந்தரத்துக்குப் பிடிக்கவில்லை.

அரத்தை எடுத்து ஒரே ஒரு பல்லைக் கொஞ்சம் ராவினார். இப்போது எந்த எண்ணில் தொடங்கினாலும், ஐந்தாவது எழுத்துக்குச் சக்கரம் நழுவி, அவர் குறித்து வைத்திருந்த இடத்துக்கு வந்து நின்றது; அதற்குப் பிறகு வருவதையெல்லாம் அவரும் படிக்கலாம். தனக்கென்று மூன்றாவதாக ஒன்றும் செய்து மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

கருணாகரன் நேரம் பிடித்துப் பார்த்தார். நிமிஷத்துக்கு இருபத்தாறு எழுத்து!

"பலே! இன்னொரு உதவி அண்ணே. ஒருத்தர் வந்து சீட்டு ஒண்ணு கொடுப்பாரு. சாயங்காலம் வேற ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு. நீங்க பிரிச்சுப் பார்த்தாலும் பாதகமில்லே, ஒரு எழவும் புரியாது."

"எனக்கு எதுக்கு சார் ஊரான் விஷயம்?" என்றார் கலியாணசுந்தரம்.

சீட்டு வியாழக்கிழமை வந்தது. கொண்டுவந்தவர் தெருமுனை திரும்புவதற்குள் இழுப்பறை திறந்துவிட்டது. முதல் நான்கு எழுத்துகள் பிடிபடவில்லை. மற்றதெல்லாம் மலாயில் பளிச்சென்று வந்தது: 'நான்கு மணி, தெங்கேரா கருவாட்டுக் கொட்டகை, மரப்பெட்டி, தங்கம்.' மலாயில் 'நாளை' என்று எழுத நான்கே எழுத்துதான். மிச்சத்தை ஊகிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கே கடையைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் கிளம்பினார். வழியெல்லாம் 'கடத்தல்காரன் வீட்டில் திருட்டுப் போனால் யாரிடம் போய் அழுவான்? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதானே' என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

கொட்டகையில் ஆள் அரவம் இல்லை. நடுவில் மரப்பெட்டி. குனிந்து தொட்டார். பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. ஜாலான் பெண்டஹாராவில் கடிகாரக் கடை வைத்திருக்கும் சுப்பையன்!

"நீங்க எங்கே இங்கே?"

"கருவாடு வாங்கலாம்னு..." என்றார் சுப்பையன்.

"நானும் அதுக்குத்தான்."

ஜப்பான்காரன் காலத்திலேயே மூடிவிட்ட கொட்டகை அது. இருவரும் விழித்துக்கொண்டு நிற்கும்போதே, ஜன்னல் வழியாகக் கடப்பாரையோடு குதித்தான் பசார் பக்கத்துக் கடிகாரக்காரன் ஆ செங். அவனும் மலாயில் கருவாடு என்றான்.

பொய் சொல்லி நேரத்தை வீணாக்குவானேன்? ஆளுக்கு ஒரு பங்கு என்று பேசி, மூவருமாகச் சேர்ந்து பெட்டியை நெம்பினார்கள்.

உள்ளே கடல் மணல்.

"மூணு பேரும் வந்தாச்சா?" என்று கேட்டபடி கருணாகரன் வாசலில் நின்றார். இன்று கறுப்புக் கண்ணாடி இல்லை. போலீஸ் அதிகாரியின் உடுப்பு இருந்தது. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

கலியாணசுந்தரம் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், பிள்ளைகுட்டிக்காரன் சார்..."

"சர்க்கார் வேலைக்கு ஆள் தேடி நாலு கடையிலே இதே கருவியைச் செய்யச் சொன்னோம். நாலு கடைக்கும் இதே சேதிதான், அவங்கவங்க கருவியாலே மாத்தி எழுதினது" என்றார் கருணாகரன். "உங்க மூணு பேர் செஞ்சதுலேயும் திருட்டுத்தனம் இருக்கு. நாலாவது கடைக்காரர் செஞ்சதுலே ஒரு குறையும் இல்லே. அவரு இங்கே வரவும் இல்லே."

"அப்ப சர்க்கார் வேலை அவருக்குத்தானா?" தலையைக் குனிந்துகொண்டே கேட்டார் கலியாணசுந்தரம்.

"அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிட்டோம். வெளிநாட்டிலேருந்து முப்பது ரகசிய எழுத்து மெஷின் வாங்கியிருக்கோம், அதுலே எவன் எங்கே கை வச்சிருக்கான்னு கண்டுபிடிக்கணும்; யோக்கியனை வச்சுக்கிட்டு நாங்க என்னா செய்யறது? திங்கட்கிழமை காலையிலே எட்டு மணிக்கு மூணு பேரும் வேலைக்கு வந்திடுங்க!"